நான்காவது அறையில் மூன்று தையல்

அறுவைச் சிகிச்சைத் துறையின் செய்முறைத் தேர்வு முடிந்த மத்தியானம் கொக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஐந்தடி பத்து அங்குல உயரம், நீளக் கழுத்து. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. பின்னாலேயே வந்த துருவி அவளுடைய பெரியம்மா மகள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் இவளுக்கு இந்தப் பெயர். இருவரும் ஒரே வகுப்பு, கடைசி வருஷம். கல்லூரி பக்கம் என்பதால் கொக்கு பெரியம்மா வீட்டிலேயே தங்கிப் படித்தாள். துருவியைவிட நாற்பது நாள் மூத்தவள். ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் துருவி அவளை அக்கா என்பாள்.

"எத்தனை ஸ்டேஷன் இன்னைக்கு?" என்று சமையலறையிலிருந்து பெரியம்மா கேட்டாள். அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். தேர்வு என்றாலே அவளுக்கு ஒரு குஷி.

"பன்னெண்டு, பெரியம்மா."

"எக்ஸ்பிரஸா, பாசஞ்சரா?"

துருவி சிரித்தாள். கொக்கு சிரிக்கவில்லை.

தேர்வு இப்படித்தான் நடந்தது: வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், ஸ்டேஷன் என்பது அவற்றைத்தான். ஒவ்வொன்றிலும் ஆறு நிமிஷம். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஓர் அறையில் வயிற்றுவலிக்காரராக நடிக்கும் ஆள் படுத்திருப்பார். இன்னொன்றில் எக்ஸ்ரே படம் தொங்கும். வேறொன்றில் ரப்பர் கை, அதில் ஊசி ஏற்ற வேண்டும். மூலையில் ஒரு தேர்வாளர் தாளும் பேனாவுமாக வாயே திறக்காமல் நிற்பார். நான்காவது அறையில் தோல் மாதிரி செய்த பஞ்சு அட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு வெட்டு. அதற்கு மூன்று தையல் போட வேண்டும்.

"மூணாவது தையலுக்கு வரவே இல்ல," என்றாள் கொக்கு. "ரெண்டாவதுல நூலே சிக்கிக்கிச்சு. தினம் வீட்டுல தலையணை உறை மேல அத்தனை போட்டேனே, அங்க போனா கை என் கையா இல்ல."

"டெஸ்ட் எடுக்கறவர் பக்கத்துல இருந்தா நல்லா ஓட்டறவனுக்கும் கால் நடுங்கும்மா," என்றாள் பெரியம்மா. "விடு, சாப்பிடு."

ஒரு வாரம் கழித்து, மதிப்பெண் வருவதற்கு முந்தின நாள், பேராசிரியர் துருவியைக் கூப்பிட்டு அனுப்பினார். அறுவைத் துறையின் தலைவி அவர். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். வார்த்தையை அளந்துதான் செலவழிப்பார். மேஜை மேல் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

"இந்தத் தேர்வைப் பத்தி மாணவர்கள் என்ன நினைக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். பேர் எழுத வேண்டாம். ரெண்டே கேள்வி. நாளைக்கு மார்க் வந்துடும், அதனால இன்னைக்கே வாங்கிடு. மார்க் தெரிஞ்சா மார்க்கைப் பத்தித்தான் எழுதுவீங்க."

"நான் எதுக்கு மேடம்?"

"பார்த்தியா, அதுக்குத்தான்."

மத்தியான வகுப்பு முடிந்ததும் துருவி தாள்களைக் கொடுத்தாள். அலுவலகத்திலிருந்து மொத்தமாக வாங்கிய நீலப் பேனாக்களையும் கொடுத்தார்கள். மை தண்ணீராய் ஓடும் மட்டமான ஜெல் பேனா. நூற்றுப் பதினெட்டுப் பேரும் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு துருவி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க அவளுக்கு நேரம் போனதே தெரியவில்லை. ஒரே தேர்வைத்தான் எல்லோரும் எழுதினார்களா என்று இருந்தது.

ஒருவர் எழுதியிருந்தார்: 'வாய்மொழித் தேர்வில் தேர்வாளருக்கு என் முகம் பிடிக்காவிட்டால் போச்சு. இதில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். இதுதான் நியாயம்.' அடுத்த தாளிலேயே இன்னொருவர்: 'ஆறு நிமிஷத்தில் யாரும் மருத்துவர் ஆக முடியாது, மாரத்தான் ஓட்டக்காரர் வேண்டுமானால் ஆகலாம்.' வேறொருவர்: 'ரப்பர் கையிடம் "ஊசி போடட்டுமா?" என்று அனுமதி கேட்டேன். தேர்வாளர் சிரித்தார். அதற்கு மதிப்பெண் உண்டா இல்லையா, தயவுசெய்து சொல்லவும்.' மற்றொருவர்: 'வயிற்றுவலிக்காரர் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். நான் தப்பான இடத்தில் அழுத்தியபோது பாவம், அவரே கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.'

முதல் கேள்வி, தேர்வு பிடித்ததா என்பது. பெரும்பாலானவர்களுக்குப் பயம் இருந்தாலும் பிடித்திருந்தது. புத்தகத்தில் படித்ததைக் கையால் செய்யச் சொன்னதே பெரிய விஷயம் என்று பலர் எழுதியிருந்தார்கள். இரண்டாவது கேள்வி, எந்த அறையாவது நியாயமில்லை என்று பட்டதா என்பது. அதற்குத் துருவி ஒரு கணக்குப் போட்டாள். மற்ற அறைகளுக்கு ஒன்று, இரண்டு என்று விழுந்திருந்தது. நான்காவது அறைக்கு மட்டும் பதினான்கு.

காரணம் எழுதச் சொன்ன இடத்தில் தெளிவாக ஒன்றும் இல்லை. 'ஏதோ சரியில்லை.' 'நேரம் போதவில்லை.' 'எல்லாம் எட்டாத இடத்தில் இருந்தது போல ஒரு உணர்வு.'

தேர்வாளர் கடுமையாக இருந்திருப்பாரோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தார்கள். தாளின் மூலையில் தேர்வெழுதிய வேளையைக் குறிக்கச் சொல்லியிருந்தது. பதினான்கில் ஏழு காலை, ஏழு மத்தியானம். அதுவும் இல்லை. அப்படியானால் இந்தப் பதினான்கு பேருக்கும் பொதுவாக என்ன?

விடை தெரியாவிட்டால் துருவிக்குச் சோறு இறங்காது. பதினான்கு தாள்களையும் தனியாக எடுத்து மேஜையில் வரிசையாக அடுக்கினாள். நின்றுகொண்டு பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது: பல தாள்கள் அழுக்காக இருந்தன. எழுத்தின் மேல் நீலமாய் ஓர் இழுப்பு. ஈர எழுத்தை யாரோ வழித்துவிட்ட மாதிரி. எண்ணினாள். ஒன்பது. மீதி நூற்று நான்கு தாள்களையும் புரட்டினாள். அவற்றில் அப்படிக் கறை பட்டவை இரண்டே இரண்டு.

அதே பேனாவை எடுத்து ஒரு வரி எழுதிப் பார்த்தாள். கறை விழவில்லை. வேகமாக எழுதினாள். விழவில்லை. இழுப்பு எல்லாமே இடமிருந்து வலமாக, எழுதிய திசையிலேயே போயிருந்தது. பேனாவின் பின்னாலேயே கை வந்து எழுத்தைத் துடைத்திருக்கிறது.

எதிரே கொக்கு, பெரியம்மா சொல்லச் சொல்லக் கடைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடமும் அதே பேனா. அவள் கையின் சுண்டுவிரல் பக்கம் முழுக்க நீலம்.

பிறந்ததிலிருந்து பார்த்த கை.

"அக்கா," என்றாள் துருவி.

"என்ன வேணும் உனக்கு?"

"நீ நொட்டாங்கை இல்ல?"

"இதைக் கண்டுபிடிக்க உனக்கு இருபத்திரண்டு வருஷமா?"

துருவி தாள்களைக் காட்டி, இடது கையால் எழுதுகிறவர்களுக்குத்தான் இப்படிக் கறை படும் என்றாள். கொக்கு ஒன்பதையும் பார்த்தாள். ஒன்று தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"இதைப் போய் மேடம்கிட்ட சொல்லாத."

"ஏன்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாயிடும்."

"கூடம் நெஜமாவே கோணலா இருந்தா?"

கொக்கு எழுந்து போய்ப் பட்டியலைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் மதிப்பெண் வந்தது. மற்ற பதினோரு அறைகளிலும் கொக்கு நன்றாகவே வாங்கியிருந்தாள். நான்காவது அறையில் பத்துக்கு ஐந்து. தேற ஆறு வேண்டும். அந்த அறையில் தேறாதவர்கள் எட்டுப் பேர், மூன்று வாரத்தில் அதை மட்டும் திரும்பச் செய்ய வேண்டும் என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

"சர்ஜரி எனக்கு வேண்டாம்," என்றாள் கொக்கு பஸ்ஸில். "தோல் டாக்டராப் போறேன். களிம்பு எழுதிக் குடுத்தாப் போதும்." சின்ன வயதில் பொம்மைக்கெல்லாம் வயிற்றை வெட்டித் தைத்தவள் அவள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துருவிக்கு அப்போது வருத்தத்தைவிடக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் அரிப்புத்தான் அதிகமாக இருந்தது. அதை நினைத்து அவளுக்கே கொஞ்சம் வெட்கம். மறுநாள் வகுப்பில் மேடை ஏறினாள். "இடது கைக்காரங்க எல்லாம் கையைத் தூக்குங்க," என்றாள். பதினோரு கைகள் உயர்ந்தன. அதில் ஐந்து வலது கை. வகுப்பே சிரித்தது. ஏன் கேட்கிறாள் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. கொக்கு கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கை மட்டும் மேலேதான் இருந்தது.

சனிக்கிழமை காலை துருவி கூப்பிட்டபடி பயிற்சிக்கூடத்துக்குப் பதினோரு பேரில் நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாவதாகக் கொக்கு வந்து கதவோரம் நின்றாள். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கருவியறை அக்கா பூட்டைத் திறந்துவிட்டாள். தேர்வுக்கு மேஜை அடுக்கியதும் அவள்தான்.

"இடது கை சாமானா? ஒரு செட் இருக்கு டாக்டரம்மா. வாங்கி நாலு வருஷமாச்சு, பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கல. யாரும் கேக்கல, நானும் குடுக்கல."

துருவி உறையை வாங்கிப் பிரித்தாள். விடை கையில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். கத்தரிக்கோலும், ஊசியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியும் வலது கைக்கென்றே செய்தவை. இடது கையால் பிடித்தால் இடுக்கியின் பூட்டு சட்டென்று விடாது, கத்தரி நூலை வெட்டாமல் மடக்கும். இதை அவள் முந்தின நாளே நூலகத்தில் படித்திருந்தாள். கருவியை மாற்றினால் போதும், அவ்வளவுதான்.

கைப்பேசியில் நேரம் வைத்தாள். ஐந்து பேரும் முதலில் பழைய கருவியில் மூன்று தையல் போட்டார்கள். எல்லோருமே ஏழு நிமிஷத்துக்கு மேல். பிறகு இடது கைக் கருவியில் போட்டார்கள். எட்டு நிமிஷம். எட்டரை. ஒருவனுக்கு ஒன்பது.

"என்னடி இது?" என்றாள் கொக்கு. "இது இன்னும் மோசமா இருக்கு. பூட்டு எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியல. மூணு வருஷமாப் பழைய இடுக்கியோட மல்லுக்கட்டிப் பழகிட்டோம்ல? கத்தரி மட்டும் நல்லா இருக்கு."

துருவி தன் நோட்டைப் பார்த்தாள். எழுதி வைத்த விடை அடித்துப்போட வேண்டியதாக இருந்தது. விசித்திரம் என்னவென்றால், அவளுக்கு ஏமாற்றமே வரவில்லை. அப்படியானால் வேறு என்ன, என்றுதான் தோன்றியது.

"அக்கா, இன்னொரு தடவை பழைய கருவியில போடு. மெதுவா. நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

"நீயா?"

"சத்தியமா."

பேசாமல் பார்ப்பது துருவிக்குக் கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனாலும் மேஜை மட்டத்துக்குக் கண் வரும்படி குனிந்து உட்கார்ந்து பார்த்தாள். ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது. சரியாகத்தான் போடுகிறாள். முடிச்சும் ஒழுங்கு. பிறகு கத்தரி எடுக்க வேண்டும். கருவித் தட்டு வலது பக்கம் இருந்தது. கொக்குவின் இடது கை அட்டையைத் தாண்டி, வலது கைக்கு மேலாகப் போய்க் கத்தரியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. வரும்போது சட்டைக் கை நூலின் நுனியை இழுத்துக்கொண்டு வந்தது. முழங்கை விளக்குத் தண்டில் இடித்தது. விளக்கு ஆடி, வெட்டின் மேல் அவள் கை நிழலே விழுந்தது. அடுத்த தையலுக்கும் அதே ஊர்கோலம்.

"தட்டை ஏன் இந்தப் பக்கம் வெச்சீங்க?" என்று கருவியறை அக்காவைக் கேட்டாள்.

"தாள்ல படம் போட்டுக் குடுத்திருக்காங்க, டாக்டரம்மா. தட்டு வலது, விளக்கு இடது. நகர்த்தக் கூடாதுன்னு வேற போட்டிருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணுமாம்."

துருவி தட்டைத் தூக்கி இடது பக்கம் வைத்தாள். விளக்கை வலது பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

கொக்கு ஐந்து நிமிஷம் பத்து வினாடியில் முடித்தாள். முடித்துவிட்டு, யாரோ ஏமாற்றிவிட்டது போலத் தட்டையே முறைத்துப் பார்த்தாள். மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோருமே ஆறு நிமிஷத்துக்குள். பிறகு துருவியே வலது கைக்காரியாக அந்த மேஜையில் உட்கார்ந்து தைத்தாள். நூல் சிக்கியது, முழங்கை இடித்தது, ஏழரை நிமிஷம் ஆனது. கருவியறை அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

திங்கட்கிழமை துருவி பேராசிரியரின் அறைக்குப் போனபோது, கொக்குவும் கூட வந்தாள். வர வேண்டாம் என்றுதான் காலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு வரை வந்தவள் உள்ளேயும் வந்துவிட்டாள்.

பேராசிரியர் நோட்டை முழுதும் படித்தார்.

"பதினாலு பேர் சொல்லியிருக்காங்க. கறை ஒன்பதுலதான். மீதி அஞ்சு?"

"தெரியல மேடம்."

"ம்." அவர் அந்தப் பதிலில் குறை காணவில்லை என்று துருவிக்குப் பட்டது. "ஆபரேஷன் தியேட்டர்ல தட்டு எங்க இருக்கும்? நர்ஸ் நிக்கற பக்கம். அவசரத்துல வர்ற நோயாளி, இவங்க எந்தக் கைன்னு கேட்டுட்டா படுப்பாரு?"

துருவி வாயைத் திறந்தாள். ஆனால் பேசியது கொக்கு.

"தியேட்டர்ல நான் நர்ஸ்கிட்ட கேக்கலாம் மேடம். சிஸ்டர், தட்டு இந்தப் பக்கம் வேணும்னு. தேர்வுல கேக்க முடியல. தொட்டா மார்க் போயிடும்னு பயம்."

பேராசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். அந்த அறைக்குத் தேர்வாளர்கள் மதிப்பெண் போடும் தாள் அதில் இருந்தது. மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. தனக்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"இடுக்கியை வலது கையில் சரியாகப் பிடிக்கிறார். ஒரு மதிப்பெண்."

வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

"இதை எழுதினது நான்தான்," என்றார் பேராசிரியர். "சரியாங்கறதை நினைச்சு எழுதினேன். வலதுங்கறதை நினைக்கவே இல்ல." பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்தார். கொக்கு மனசுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஐந்தும் ஒன்றும் ஆறு. அவள் முகத்தைப் பார்த்தே பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது.

"பழைய மார்க்கைத் திருத்திடலாமா? அந்த ஒண்ணை மட்டும் சேர்த்தா நீ பாஸ்."

கொக்கு கழுத்தை நீட்டி ஜன்னலைப் பார்த்தாள். "மூணாவது தையல் நான் போடவே இல்லையே மேடம். திரும்பவே செய்யறேன்."

"வந்த வாய்ப்பை ஏண்டி விட்டே?" என்று வெளியே வந்ததும் துருவி கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"தெரியலடி. தட்டு மாறினா நெஜமாவே வருதான்னு எனக்கும் பாக்கணும்." அதைச் சொல்லிவிட்டுக் கொக்குவே ஆச்சரியப்பட்டாள். "உன் வியாதி தொத்திடுச்சு போல."

மறுதேர்வுக்கு விதி கொஞ்சம் மாறியிருந்தது. எட்டுப் பேருக்கும், எந்தக் கைக்காரராக இருந்தாலும், தொடங்குவதற்கு முன் ஒரு நிமிஷம். மேஜையைத் தனக்கு வேண்டிய மாதிரி அமைத்துக்கொள்ளலாம். அப்படி அமைத்துக்கொள்வதற்கும் ஒரு மதிப்பெண். துருவியைக் கூடத்தின் பின்னால் நோட்டோடு உட்கார அனுமதித்தார்கள், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இடது கைக்காரர்கள் ஐந்து பேரும் தட்டை மாற்றினார்கள். அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மற்ற மூவர் செய்தது. வகுப்பிலேயே குள்ளமான பையன், எல்லோரும் பென்சில் என்று கூப்பிடுகிறவன், தட்டைத் தொடவில்லை. முக்காலியின் திருகைச் சுற்றிச் சுற்றி உயர்த்தினான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் தோள் மேஜைக்கு மேலே வந்தது. போன தடவை எல்லாவற்றையும் கழுத்தளவில் வைத்துக்கொண்டு தைத்திருக்கிறான்! சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண் விளக்கைத் தாழ்த்தி, அட்டைக்கு அருகே கொண்டுவந்தாள். துருவி அவசர அவசரமாக எழுதிக்கொண்டாள். மூன்றாவது ஆள் எதையும் நகர்த்தாமல் ஒரு நிமிஷமும் சும்மா நின்றான். பிற்பாடு அவனைக் கேட்டபோது, "நான் பழகவே இல்ல, அதான்," என்றான். அதையும் எழுதிக்கொண்டாள்.

கொக்கு உள்ளே வந்தாள். தட்டைத் தூக்கி இடது பக்கம் வைத்தாள். கத்தரியை முன்னால், இடுக்கியைப் பின்னால் அடுக்கினாள். விளக்கைத் திருப்பினாள். பிறகு, தேர்வாளரைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நிக்கறீங்களா? என் முழங்கை இடிக்கும்," என்றாள். துருவி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவர் இரண்டடி நகர்ந்து நின்றார்.

முதல் தையல் அழகாக விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் கோணல். மூன்றாவதுக்கு ஊசியைக் கவ்வும்போது மணி அடிக்க இன்னும் ஒன்றரை நிமிஷம் இருந்தது. கொக்கு அவசரப்படவில்லை. முடிச்சைப் போட்டு, நூலை வெட்டி, ஊசியை அதற்கான டப்பாவில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பத்துக்கு எட்டு. கோணல் தையலுக்கு ஒன்று போயிற்று. இன்னொன்று எதற்குப் போயிற்று என்று துருவி ஒரு வாரம் விசாரித்தாள். கையுறை மாட்டும்போது வெளிப்பக்கத்தைத் தொட்டுவிட்டாளாம்.

அடுத்த மாதம் இருவருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை விழுந்தது. ஒருநாள் காலையில் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் முன்கையில் நீள வெட்டோடு வந்தார். பணியில் இருந்த டாக்டர் காயத்தைக் கழுவி, மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டுக் கொக்குவைப் பார்த்தார். "நீ தைக்கறியா? நான் பக்கத்துல நிக்கறேன்."

கட்டிலின் வலது பக்கம் சுவரை ஒட்டி இருந்ததால் அங்கே போய் நிற்க முடியாது; வயிற்றின் மேல் வைத்திருந்த அவர் கையை இந்தப் பக்கமிருந்து இடது கையால் தைப்பது கோணலாக இருக்கும். கொக்கு ஒரு கணம் யோசித்தாள்.

"அண்ணே, தலையை இந்தப் பக்கம் வெச்சு மாத்திப் படுக்கறீங்களா? எனக்கு இடது கை."

"அதுக்கென்னம்மா," என்று அவர் எழுந்து, தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு மறுபக்கம் படுத்தார். "கண்ணாடி வெட்டறதுல எங்க கடையில ஒரு இடது கைக்காரனுக்கு மேஜையே தனி. அவன் மேஜையில நான் வேலை செஞ்சதாலதான் இந்தக் காயமே."

தட்டை நகர்த்திக்கொண்டிருந்த துருவி அப்படியே நின்றாள். "எப்படி வெட்டிச்சு? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்."

"துருவி," என்றாள் கொக்கு, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல தைக்க விடு."